எத்தனை பேர்ல எத்தனை பேர்? – வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல "ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாமே டாக்டர், உண்மையா?"ன்னு தான் ஆரம்பிக்குது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்தி வெச்சுட்டு, இதையே மொத்தமா எடுத்துக்கிட்டேன். எல்லாருக்கும் பதில் சொல்ல இடம் பத்தல, ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விகளைச் சேர்த்திருக்கேன்.

கேள்வி: பீரியட்ஸ் நின்ன பிறகு உடம்பெல்லாம் அனலா கொதிக்குது, தூக்கமே வரலைன்னு டாக்டர்கிட்ட போனேன். ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க, ரெண்டு மாசமா நிம்மதியா இருந்தேன். போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்துச்சு, இந்த மாத்திரை சாப்பிட்டா மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகமாகும்னு ஆராய்ச்சி சொல்லுதாம். அப்ப நாலு பேர்ல ஒருத்தருக்கு வருமா? பயந்துபோய் நிறுத்திட்டேன். – 52 வயது வாசகி

பதில்: நாலு பேர்ல ஒருத்தருக்கு வராதும்மா, முதல்ல அந்தப் பயத்தை இறக்கி வைங்க. 26 சதவீதம்ங்கற நம்பர் பொய் இல்ல, ஆனா அதை எதோட ஒப்பிட்டுச் சொன்னாங்கன்னு அந்தச் செய்தி சொல்லல, அங்க தான் தப்பு நடந்திருக்கு.

அந்த நம்பர் வந்த இடத்தைச் சொல்றேன். அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, கர்ப்பப்பை எடுக்காத 16,608 பெண்களை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜஸ்டினும் சேர்ந்த மாத்திரை, இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குடுத்து சுமார் 5 வருஷம் கவனிச்சாங்க, 2002ல நடுவுலயே நிறுத்திட்டாங்க. டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல வருஷத்துக்கு 10,000 பேர்ல 30 பேருக்கு மார்புப் புற்றுநோய் வந்துச்சு. ஹார்மோன் சாப்பிட்டவங்கள்ல 38 பேருக்கு. 30 எப்படி 38 ஆச்சுன்னு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 26 சதவீதம் வருது. ஆனா உங்களுக்குத் தெரிய வேண்டியது வருஷத்துக்கு 10,000 பேர்ல கூடுதலா 8 பேர்ங்கறது. ரெண்டும் ஒரே கணக்கு தான், ஒண்ணு உங்களைத் தூங்க விடாது, இன்னொண்ணு உங்களை யோசிக்க வைக்கும்.

அதே ஸ்டடியில பக்கவாதம் 10,000க்கு 8 பேரும் மாரடைப்பு மாதிரி இதயப் பிரச்சினை 7 பேரும் கூடுச்சு, இடுப்பு எலும்பு முறிவு 5 பேர் குறைஞ்சுச்சு. அதுல இருந்தவங்க சராசரி வயசு 63, உங்களுக்கு 52, அதனால அந்த நம்பரை அப்படியே உங்க மேல ஒட்ட வைக்கவும் முடியாது. ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லல. குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்ததா, உங்களுக்கு ரத்தக்கட்டி வந்திருக்கா, இதையெல்லாம் வெச்சு உங்களைப் பார்த்த டாக்டர் தான் மறுபடி ஆரம்பிக்கறதா வேண்டாமான்னு சொல்லணும். நிறுத்திட்டேன்னு அவங்ககிட்ட மறைக்காம போய் சொல்லுங்க, தயவுசெஞ்சு.

இந்த மாதிரி செய்தி எவ்வளவு சேதம் பண்ணும்ங்கறதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. 1995ல பிரிட்டன்ல சில கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி ஆபத்தை ரெண்டு மடங்காக்குதுன்னு அரசாங்கத் தரப்புல இருந்தே எச்சரிக்கை வந்துச்சு. 7,000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது 7,000 பேர்ல ரெண்டு பேர் ஆச்சு, அவ்வளவு தான். ஆனா "ரெண்டு மடங்கு"ன்னு கேட்டதும் எத்தனையோ பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து வேல்ஸ்ல மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்பு கூடுதலா நடந்ததா கணக்கிட்டிருக்காங்க. ரத்தக்கட்டி ஆபத்து கர்ப்ப காலத்துல அந்த மாத்திரையை விட அதிகம்ங்கறது அந்தச் செய்தியில யாருக்கும் போய்ச் சேரல. எனக்கு இதை நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது. இனிமே சதவீதம் போட்டு எந்தச் செய்தி வந்தாலும் "எத்தனை பேர்ல எத்தனை பேர்?"னு கேட்டுட்டு அப்புறம் பயப்படுங்க.

கேள்வி: டாக்டர் ரூமுக்குள்ள போய் உக்காந்து வாயைத் திறந்தா ரெண்டாவது வாக்கியத்துலயே குறுக்க பேசிடறாங்க. வெளிய வந்ததும் தான் முக்கியமானதைச் சொல்லவே இல்லைன்னு ஞாபகம் வருது. எனக்கு மட்டும் தான் இப்படியா? – ஒரு வாசகர்

பதில்: உங்களுக்கு மட்டும் இல்ல சார், இதை ஸ்டாப் வாட்ச் வெச்சு அளந்தே இருக்காங்க. 1984ல அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 74 சந்திப்புகளை ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தாங்க, பேஷன்ட் பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்கிட்டாரு. 1999ல இன்னொரு குழு பார்த்தப்போ 23 செகண்ட். 2018ல வந்த ஸ்டடியில 11 செகண்ட், அதுலயும் "எதுக்காக வந்திருக்கீங்க, என்னென்ன சொல்லணும்?"னு டாக்டர் கேட்டதே 36 சதவீத சந்திப்புகள்ல தான்.

டாக்டர்கள் தரப்புல என்ன சொல்வோம்னா, பேச விட்டா நிறுத்த மாட்டாங்க, வெளிய அத்தனை பேர் காத்திருக்காங்கன்னு. நானும் சொல்லியிருக்கேன். சுவிட்சர்லாந்துல பாசெல் நகரத்து ஆஸ்பத்திரியில அதையும் சோதிச்சாங்க, 335 பேஷன்ட்களை குறுக்கிடாம அவங்களா நிறுத்தற வரைக்கும் பேச விட்டாங்க. சராசரி 92 செகண்ட். பத்துல எட்டு பேர் கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. இதைப் படிச்சதுக்கு அப்புறம் நான் பண்ற ஒரே மாற்றம், முதல் ரெண்டு நிமிஷம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பறதில்ல.

நீங்க பண்ணக்கூடியது, ரொம்ப பயமா இருக்கற விஷயத்தை முதல் வாக்கியத்துல போடுங்க, கடைசியில சொல்லிக்கலாம்னு வைக்காதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி "நான் புரிஞ்சுக்கிட்டதை ஒரு தடவை சொல்றேன் டாக்டர், சரியான்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு திருப்பிச் சொல்லுங்க, ஏன்னா டாக்டர் சொன்னதுல 40ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் உடனே மறந்து போகுது, ஞாபகம் இருக்கறதுலயும் பாதிக்கு பாதி தப்பா இருக்குன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது.

கேள்வி: நான் வார்டு நர்ஸ். முன்னாடி ஒரு ஷிஃப்ட்ல 5 பேரைப் பார்ப்பேன், இப்ப 9 பேர். ஊசி, மருந்து எல்லாம் நேரத்துக்குப் போட்டுடறேன், ஆனா ஒருத்தர் முகத்தைப் பார்த்து இவருக்கு ஏதோ சரியில்லைன்னு கண்டுபிடிக்க நேரமே இல்ல. மேல கேட்டா திறமை இருந்தா சமாளிக்கலாம்னு சொல்றாங்க. காட்டிப் பேச ஏதாவது ஸ்டடி இருக்கா? – பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டவர்

பதில்: இருக்கு சிஸ்டர், பலமாவே இருக்கு. 2014ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது, ஐரோப்பாவுல 9 நாடு, 300 ஆஸ்பத்திரி, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 4,22,730 பேஷன்ட்களோட விவரங்கள். ஒரு நர்ஸ் பார்க்கற பேஷன்ட் எண்ணிக்கையில ஒண்ணே ஒண்ணு கூடினா, 30 நாளைக்குள்ள பேஷன்ட் இறக்கற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. மேல அந்த அம்மாகிட்ட சொன்னதை இங்கயும் நானே மீறக்கூடாது, இந்த 7 சதவீதமும் ஒப்பிட்டுச் சொல்ற நம்பர் தான், அந்த ஆபரேஷன்கள்ல இறந்தவங்க 100க்கு ஒண்ணு ரெண்டு பேர் தான். அதோட இது எதையும் மாத்திப் பார்க்காம, நடக்கறதைக் கவனிச்சு மட்டும் எழுதின ஸ்டடி, நர்ஸ் குறைவா இருக்கற ஆஸ்பத்திரியில வேற குறைகளும் இருந்திருக்கலாமேன்னு எதிர்த் தரப்பு கேட்கும்.

அப்படிக் கேட்டா அடுத்ததைக் காட்டுங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல 2016ல சட்டமே போட்டாங்க, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகள்ல பகல்ல ஒரு நர்ஸுக்கு சராசரி 4 பேஷன்ட், ராத்திரியில 7 பேருக்கு மேல போகக்கூடாதுன்னு. 27 ஆஸ்பத்திரியில அது நடைமுறைக்கு வந்துச்சு, 28 ஆஸ்பத்திரியில பழையபடியே இருந்துச்சு. 2021ல முடிவு வந்தப்போ, சட்டம் இல்லாத இடத்துல இறப்பு கூடியிருந்துச்சு, சட்டம் வந்த இடத்துல கூடல. பேஷன்ட்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனதாலயும் திரும்ப அட்மிட் ஆனது குறைஞ்சதாலயும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸுகளுக்கு ஆன செலவை விட ரெண்டு மடங்குக்கு மேல. மேனேஜ்மென்ட்கிட்ட பேசறப்போ இந்தக் கடைசி வரியில இருந்து ஆரம்பிங்க.

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கறதுன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு கேஸ் ஷீட்ல ஒரு கட்டம் கிடையாது, அதனால அது குறைஞ்சது யார் கண்ணுலயும் படறதில்ல. உங்க பயத்தைத் திறமைக் குறைவுன்னு எடுத்துக்கவே எடுத்துக்காதீங்க.

கேள்வி: என் பொண்ணு எம்பிபிஎஸ் முடிச்சுட்டு டிரெய்னிங்ல இருக்கா. 30 மணி நேரம், சில சமயம் 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே தூங்கிடறா. சீனியர்கள் நாங்களும் இப்படித் தான் கத்துக்கிட்டோம்னு சொல்றாங்களாம். அவ கையில இருக்கற பேஷன்ட்களை நினைச்சும் பயமா இருக்கு. – ஒரு அம்மா

பதில்: அம்மா, பேஷன்ட்களை விடுங்க, முதல்ல உங்க பொண்ணு பத்தி ஒண்ணு சொல்லிடறேன், நீண்ட டியூட்டி முடிஞ்சு அவ வண்டி ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. யாராவது போய் கூட்டிட்டு வாங்க, இல்ல வாடகை வண்டியில வரச் சொல்லுங்க. அமெரிக்காவுல முதல் வருஷ டிரெய்னி டாக்டர்களை வெச்சு 2005ல ஒரு ஸ்டடி வந்துச்சு, 24 மணி நேரத்துக்கு மேல போன டியூட்டி முடிஞ்சு வண்டி ஓட்டினவங்களுக்கு விபத்து வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல, மயிரிழையில தப்பிச்சது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. 24 மணி நேரம் முழிச்சிருந்தா மூளையும் கையும் வேலை செய்யற விதம், ரத்தத்துல ஆல்கஹால் 0.10 சதவீதம் இருக்கறப்போ செய்யற மாதிரி ஆயிடுதுன்னு 1997லயே காட்டிட்டாங்க. அது பல நாடுகள்ல வண்டி ஓட்ட அனுமதிக்கற அளவை விட அதிகம்.

இப்ப பேஷன்ட்களுக்கு வரேன், இது நேர்கோடா போகாத கதை, கொஞ்சம் பொறுமையா படிங்க. 1984ல நியூயார்க்ல ஒரு 18 வயசுப் பொண்ணு ஆஸ்பத்திரியில சேர்ந்து சில மணி நேரத்துலயே இறந்து போச்சு, பார்த்துக்கிட்டவங்க நீண்ட நேரம் டியூட்டியில இருந்த டிரெய்னி டாக்டர்கள். அந்தப் பொண்ணோட அப்பா விடாம போராடினாரு. 1989ல நியூயார்க் மாநிலத்துல வாரத்துக்கு 80 மணி நேரம்ங்கற வரம்பு வந்துச்சு, 2003ல அமெரிக்கா முழுக்க. 2004ல பாஸ்டன்ல ஐசியூ டிரெய்னிகளை வெச்சு பண்ணின ஸ்டடியில, பழைய முறை நீண்ட டியூட்டியில பெரிய தவறுகள் 36 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. சரி, தெளிவாயிடுச்சுன்னு 2011ல முதல் வருஷ டிரெய்னிகளுக்கு தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு விதி போட்டாங்க.

அப்புறம் தான் திருப்பம். 2016ல 117 சர்ஜரி டிரெய்னிங் திட்டங்களைப் பாதியா பிரிச்சு, ஒரு பாதிக்கு கறார் விதி, இன்னொரு பாதிக்கு நேரத்தைத் தாங்களே தளர்த்திக்கலாம்னு விட்டுப் பார்த்தாங்க. பேஷன்ட் இறப்பும் பெரிய சிக்கல்களும் ஒரு பக்கம் 9.1 சதவீதம், இன்னொரு பக்கம் 9.0, வித்தியாசமே இல்ல. 2017ல அந்த 16 மணி நேர விதியை எடுத்துட்டாங்க. 2020ல குழந்தைகள் ஐசியூ 6 இடத்துல இன்னொரு ட்ரையல், அதுல டியூட்டி நேரத்தைக் குறைச்ச குழுவுல தான் தவறுகள் அதிகமா இருந்துச்சு!

உங்க பொண்ணோட சீனியர் யாராவது இதை எடுத்துக் காட்டினா, உள்ள போய் படிங்கன்னு சொல்லுங்க. நேரத்தைக் குறைச்சாங்களே ஒழிய ஆளைக் கூட்டல. நீண்ட டியூட்டியில ஒரு டிரெய்னிக்கு 6.7 குழந்தைங்க இருந்த இடத்துல, குறைஞ்ச நேர டியூட்டியில 8.8 குழந்தைங்க. அந்தச் சுமையைக் கணக்குல எடுத்துப் பார்த்தா தவறு கூடினது காணாம போயிடுது. மேல நர்ஸ் சிஸ்டர் எழுதினதும் இதே தான். ஒரு ஆளுக்கு எத்தனை பேஷன்ட்னு பார்க்காம கடிகாரத்தை மட்டும் திருத்தினா ஒரு இடத்து வலியை இன்னொரு இடத்துக்கு நகர்த்தின மாதிரி தான் ஆகும்.

ஷிஃப்ட்டை சின்னதாக்கினா இன்னொண்ணும் கூடும், ஹேண்டோவர், அதாவது ஒரு டாக்டர் போறப்போ அடுத்தவர்கிட்ட பேஷன்ட்களை ஒப்படைக்கறது. நான் டிரெய்னிங்ல இருந்தப்போ ஒரு காலை, ஒரு பெரியவரோட ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவுன்னு லேப் ரிசல்ட் வர வேண்டியிருக்குங்கறதை அடுத்து வந்தவர்கிட்ட சொல்லாமலே கிளம்பிட்டேன். ராத்திரி முழுக்க அவர் பக்கத்துல நின்னது நான், எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பு. மதியம் ஒரு நர்ஸ் தானா லேபுக்கு போன் பண்ணிக் கேட்டதால அவர் பிழைச்சாரு. இன்னைக்கும் ஹேண்டோவர்னு சொன்னா எனக்கு அவர் முகம் தான் வரும்.

இதுக்கு வழி இருக்குன்னு 2014ல காட்டினாங்க. ஐ-பாஸ்னு பேரு, குழந்தைகளுக்கான 9 ஆஸ்பத்திரி, 10,740 அட்மிஷன். எவ்வளவு மோசமா இருக்காங்க, என்ன கதை, என்ன வேலை பாக்கி, என்ன நடந்தா என்ன பண்ணணும்னு வரிசையா சொல்லணும், கடைசியில கேட்டவர் தன் வாயால திருப்பிச் சொல்லணும். தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைஞ்சுச்சு, ஹேண்டோவர் நேரமோ ஒரு பேஷன்ட்டுக்கு ரெண்டரை நிமிஷத்தைத் தாண்டல. டியூட்டி நேரத்தை மாத்தற அதிகாரம் உங்க பொண்ணுக்கு இல்ல, ஆனா இதை அவ நாளைக்குக் காலையிலயே தன் வார்டுல ஆரம்பிக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். தூக்கம் கண்ணை இழுக்கற நேரத்துல ஞாபகத்தை நம்பாம இருக்க அது ஒரு கைப்பிடி.

கேள்வி: ஏஐ ஸ்கேனையெல்லாம் டாக்டரை விட நல்லா படிக்குதாமே? – கல்லூரி மாணவி

பதில்: சில இடத்துல நல்லாவே உதவுது. ஸ்வீடன்ல 80,033 பெண்களோட மேமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே வெச்சு நடந்த ட்ரையலோட முதல் முடிவு 2023ல வந்துச்சு. வழக்கமா ரெண்டு டாக்டர்கள் படிக்கறப்போ 1,000 பேர்ல சுமார் 5 பேருக்கு புற்றுநோய் கண்டுபிடிச்சாங்க, ஏஐ துணையோட சுமார் 6 பேருக்கு, டாக்டர்கள் படிக்க வேண்டிய வேலை 44 சதவீதம் குறைஞ்சுச்சு. டாக்டர் தட்டுப்பாடு இருக்கற எந்த இடத்துக்கும் இது பெரிய விஷயம்மா.

ஆனா 2025ல போலந்துல இருந்து வந்ததையும் சேர்த்துப் படிக்கணும். குடல்ல கேமரா விட்டுப் பார்க்கற கொலனோஸ்கோபியில, ஏஐ வர்றதுக்கு முன்னாடி டாக்டர்கள் 28.4 சதவீதம் பேருக்கு கட்டிகளைக் கண்டுபிடிச்சாங்க. ஏஐயோட பழகின பிறகு, அது இல்லாம பண்ணினப்போ 22.4 சதவீதம் தான். சின்ன ஸ்டடி, வேற காரணங்களும் இருக்கலாம், ஆனா அனுபவசாலிகளுக்கே இப்படின்னா, இன்னும் கண்ணு பழகவே இல்லாத டிரெய்னிகள் முதல் நாள்ல இருந்தே ஏஐயோட ஆரம்பிச்சா என்ன ஆகும்ங்கறது தான் என் கவலை. முதல்ல சொந்தக் கண்ணால பார்த்துப் பழகட்டும், அப்புறம் துணைக்கு வெச்சுக்கட்டும்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: மெடிக்கல் ரெண்டாவது வருஷம். திரும்பத் திரும்பப் படிக்கறேன், பரீட்சை முடிஞ்சதும் எல்லாம் போயிடுது. – ஒரு மாணவர்

பதில்: திரும்பப் படிக்கறதை நிறுத்திட்டு, புத்தகத்தை மூடி வெச்சு உங்களை நீங்களே கேள்வி கேளுங்க தம்பி. 2009ல டிரெய்னி டாக்டர்களை வெச்சு சோதிச்சாங்க, ஒரு தலைப்பை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எழுதினாங்க, இன்னொரு தலைப்பை அதே இடைவெளியில திரும்பப் படிச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எழுதின தலைப்புல 39 சதவீதம் மார்க், திரும்பப் படிச்சதுல 26. நாளைக்கே எல்லாத்தையும் கேட்டுக்க வேண்டாம், இடைவெளி விட்டுக் கேளுங்க, தடுமாறித் தான் பதில் வரும், அந்தத் தடுமாற்றத்துல தான் பதியுது.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், மத்த இடத்துக்கும் பரவியிருக்கு. போன வாரம் தான் தெரிஞ்சுச்சு, கீமோ ஆரம்பிக்கப் போறாங்க. கூடவே பேலியேட்டிவ் கேர் டாக்டரையும் பாருங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. அப்படின்னா கைவிட்டுட்டாங்கன்னு தானே அர்த்தம்? அப்பாகிட்ட அந்தச் சீட்டை இன்னும் காட்டல. – ஒரு மகன்

பதில்: தம்பி, அந்தச் சீட்டு எழுதின டாக்டர் உங்க அப்பாவைக் கைவிடல. பேலியேட்டிவ் கேர்னா வலி மாதிரி கஷ்டங்களைக் குறைக்கற சிகிச்சை. நான் படிச்ச ஆராய்ச்சிகள்லயே என்னை ரொம்ப மாத்தினது இதைப் பத்தினது தான், அதனால முழுசா சொல்றேன்.

2010ல பாஸ்டன்ல மாசச்சூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில, உங்க அப்பா மாதிரியே பரவின நுரையீரல் புற்றுநோய்னு புதுசா தெரிஞ்ச 151 பேரை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. எல்லாருக்கும் கீமோ மாதிரி வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் ஆரம்பத்துல இருந்தே பேலியேட்டிவ் கேர் டீமும் கூட சேர்ந்துச்சு, வலி, மூச்சு வாங்கறது, தூக்கம், மனசுல இருக்கற பயம், வீட்டுல இருக்கறவங்க எப்படித் தாங்கறாங்க, இதையெல்லாம் உக்காந்து பேசறதுக்கு. மனச்சோர்வு அறிகுறிகள் வழக்கமான குழுவுல 38 சதவீதம் பேருக்கு, இந்தக் குழுவுல 16 சதவீதம். கடைசி நாட்கள்ல உடம்பைப் படுத்தற தீவிர சிகிச்சைகளும் இவங்களுக்குக் குறைவா தான் நடந்துச்சு. அப்படியும் இவங்க அதிக நாள் இருந்தாங்க, ஒரு குழுவுல பாதிப் பேர் 8.9 மாசம் தாண்டினாங்கன்னா இன்னொண்ணுல 11.6 மாசம்.

அதுக்கப்புறம் வேற புற்றுநோய்கள்ல பண்ணின ட்ரையல்கள் எல்லாத்துலயும் ஆயுள் கூடல, அதையும் மறைக்காம சொல்லிடறேன், ஆனா இருக்கற நாள் நல்லா இருந்துச்சுங்கறது பலதுலயும் திரும்ப வந்திருக்கு. நோய் முத்தின பிறகு போறதை விட, இப்ப மாதிரி ஆரம்பத்துலயே போறது தான் பலன் தரும், அதனால அந்த டாக்டர் சரியான நேரத்துல எழுதியிருக்காங்க.

சீட்டை அப்பாகிட்ட காட்டுங்க. "கீமோ பார்க்கற டாக்டர் கட்டியைப் பார்ப்பாங்கப்பா, இவங்க உங்க வலியையும் தூக்கத்தையும் பார்ப்பாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து தான்"னு சொல்லுங்க, அது முழு உண்மை. முதல் தடவை போறப்போ நீங்களும் கூட உக்காருங்க, அவருக்கு ராத்திரியில எது ரொம்ப கஷ்டமா இருக்குன்னு முன்னாடியே கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க. உங்களுக்கும் தூக்கம் இல்லைன்னு கடிதத்துலயே தெரியுது, அதையும் அந்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க அதையும் கேட்பாங்க.